வழிவழிக் கதையும் வழங்கும் சொல்லும்: நாட்டுக்கோட்டை நகரத்தாரின் தோற்றம், கோயிற்பிரிவு, பேச்சுவழக்கு பற்றிய எழுத்துகள் – கல்லலை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

நாட்டுக்கோட்டை நகரத்தாரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அவர்தம் தோற்றம், ஒன்பது கோயிற்பிரிவு, தனித்த பேச்சுவழக்கு ஆகிய மூன்றையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகக் காட்டுகின்றன. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து ஒரு குலம் வந்தது, அது ஒன்பதாகக் கிளைத்தது, தொன்மையான பேச்சைக் காத்துவருகிறது என்பது அக்காட்சி. இம்மூன்றுக்கும் உரிய சான்றுகள் வெவ்வேறு காலத்தவை, வெவ்வேறு தன்மையவை. தோற்றக்கதையின் கலியாண்டுக் கணக்கைவிடக் கோயிற்பிரிவுகளின் பெயர்களே வரலாற்றுக்கு நெருக்கமான சான்று என்பதையும், ‘நகரத்தார் தமிழ்’ எனச் சுட்டப்படுவதில் ஒரு பகுதி சிவகங்கை வட்டாரத்தின் பொதுவழக்கே என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நகரத்தார், கல்லல், இளையாத்தங்குடி, கோயிற்பிரிவு, உறவுமுறைச் சொற்கள், சாதிக்கிளைமொழி, வட்டாரக்கிளைமொழி.

முன்னுரை

காரைக்குடியிலிருந்து மானாமதுரை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் தேவகோட்டை ரஸ்தாவை அடுத்து வரும் நிலையம் கல்லல். ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமாகவும் நகரத்தார் ஊர்களுள் ஒன்றாகவும் விளங்கும் இவ்வூரில் நகரத்தார் மட்டும் வாழவில்லை. வேளாண்குடிகள், கைவினைஞர், இசுலாமியர் எனப் பல தரப்பினரும் தலைமுறைகளாக ஒரே தெருக்களையும் சந்தையையும் பகிர்ந்துவருகின்றனர். செட்டிநாடு என்றவுடன் ஆயிரஞ்சன்னல் வீடுகளை மட்டும் நினைக்கும் பொதுப்பார்வைக்குக் கானாடுகாத்தானும் காரைக்குடியும் போதும். ஆய்வுப்பார்வைக்குக் கல்லல் போன்ற கலப்பூர்களே பயனுடையவை. எது ஒரு சமூகத்தின் தனிவழக்கு, எது ஊரின் பொதுவழக்கு என்ற வினா எழுவது அங்கேதான்.

தோற்றம், கிளை, மொழி என்ற முக்கூற்று வரிசை தமிழகத்தில் பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆங்கிலேய அரசின் இனவரைவியலாளர் வகுத்த படிவம் அது. வடமேற்கு எல்லையின் பட்டாணியர் குலங்களுக்கும் சென்னை மாகாணத்தின் சாதிகளுக்கும் ஏறத்தாழ அதே படிவம் பயன்படுத்தப்பட்டது. எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் பற்றிய பதிவும் இவ்வாறே அமைந்தது. பின்னர்ச் சமூகத்தார் தாமே எழுதிய வரலாறுகளும் அப்படிவத்தைப் பெரிதும் மாற்றாமல் ஏற்றுக்கொண்டன.

தோற்றக்கதையும் அதன் ஆண்டுக்கணக்கும்

பரவலாகச் சொல்லப்படும் கதை வருமாறு. நாகநாட்டிலிருந்து கலியாண்டு 204இல் தொண்டைமண்டலத்துக் காஞ்சிக்கு வந்த வணிகர், அங்கே அரசனின் கொடுமை தாளாது கலியாண்டு 2312இல் சோழநாட்டுக் காவிரிப்பூம்பட்டினத்தில் குடியேறினர். பூவந்திச் சோழன் அவர்தம் மகளிரிடம் முறைகேடாக நடக்கவே, எண்ணாயிரம் குடும்பத்தார் உயிர்நீத்தனர். ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த 1502 ஆண்பிள்ளைகள் மட்டும் எஞ்சினர். அவர்கள் வளர்ந்தபின் வேளாளர் குலப் பெண்களை மணந்தனர். கலியாண்டு 3808இல் பாண்டியன் ஒருவனின் அழைப்பை ஏற்று இளையாத்தங்குடிக்கு வந்தனர். அம்மன்னனைச் சௌந்தரபாண்டியன் என்று கதை குறிக்கிறது.

கலியாண்டுகளைப் பொதுஆண்டுகளாக்கினால் இவை முறையே கி.மு. 2898, கி.மு. 790, கி.பி. 707 என்ற அளவில் அமையும். முதலாவதைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. தமிழகத்தில் நகரவாழ்வுக்குச் சான்றே இல்லாத காலத்தில் காஞ்சியில் வணிகர்குடி இருந்ததாகச் சொல்வது புராணக்கணக்கு. இரண்டாவதும் இடர்ப்பாடு உடையது. காவிரிப்பூம்பட்டினத்தை அடுத்த கீழையூரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட படகுத்துறைச் சிதைவுகள் கி.மு. நான்காம், மூன்றாம் நூற்றாண்டு அளவினவாகக் கணிக்கப்பட்டுள்ளன. கதை கூறும் குடியேற்றம் அதற்கும் நான்கைந்து நூற்றாண்டு முற்பட்டது.

ஆராயத்தக்கது மூன்றாவது ஆண்டே. கி.பி. 707 பாண்டியன் கோச்சடையன் ரணதீரனின் ஆட்சிக்காலத்துள் விழுகிறது என்பது வரலாற்றாசிரியர் பலரும் கொள்ளும் காலவரிசை. வேள்விக்குடி, சின்னமனூர்ச் செப்பேடுகள் தரும் முற்காலப் பாண்டியர் வரிசையில் எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சௌந்தரன் அல்லது சுந்தரன் என்ற பெயருடைய அரசனுக்கு இடமில்லை. சுந்தரபாண்டியன் என்ற பெயர் அரசுரிமைப் பெயராகப் பெருவழக்குப் பெறுவது பதின்மூன்றாம் நூற்றாண்டில். 1216இல் முடிசூடிய மாறவர்மனும் 1251இல் முடிசூடிய சடையவர்மனும் அப்பெயரினர். கதையில் அரசன் பெயர் ஒரு காலத்தைச் சுட்ட, ஆண்டு வேறொரு காலத்தைச் சுட்டுகிறது. இரண்டையும் ஒருங்கே மெய்யென்று கொள்ள இயலாது. சமூக வரலாற்று நூல்கள் பலவும் இம்முரணைத் தொடாமலே கடந்துசெல்கின்றன. ஆண்டைப் பிடித்துக்கொண்டு அரசனைத் தேடுகின்றனர். அரசனைப் பிடித்துக்கொண்டு ஆண்டை ஐயுற்றிருந்தால் ஆய்வு வேறு திசையில் சென்றிருக்கும்.

எனினும் இக்கதையைப் பொய்யென்று ஒதுக்கிவிடுவதும் அதே அளவு பிழையாகும். கதை எதை விளக்க முயல்கிறது என்பதே வினா. நகரத்தாருள் ஆண்கள் பாதரக்குடி மடத்திலும் பெண்கள் துலாவூர் மடத்திலும் உபதேசம் பெறும் மரபு உண்டு. ஒரே குடும்பத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் குருபீடம் வேறாக இருப்பது தமிழகத்தில் அரிய ஏற்பாடு. ஆண்கள் வணிகர் வழியினர், பெண்கள் வேளாளர் வழியினர் என்ற கதைப்பகுதி இவ்வேற்பாட்டுக்குக் காரணம் கற்பிக்கிறது. வழக்கம் முன்னது, கதை பின்னது என்று கொள்வதே பொருந்தும். இப்பகுதியில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: உயிர்நீத்தவருள் மகளிர் அனைவரும் அடங்குவர், எஞ்சியோர் ஆண்பிள்ளைகள் மட்டுமே. குலத்தொடர்ச்சி முழுவதையும் ஆண்வழியிலேயே நிறுத்தவேண்டிய தேவை உள்ள ஒருவர் கட்டிய கதை இது.

அத்தேவை எக்காலத்தது? இக்கதை அச்சில் நிலைபெற்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு இறுதி, நகரத்தார் இலங்கை, பர்மா, மலாயா, இந்தோசீனம் எங்கும் வட்டித்தொழிலில் பெருநிலை எய்திய காலம். ‘தனவைசியர்’ என்ற தன்னடையாளம் வலுப்பெற்றதும் அப்போதுதான். பட்டாணியர் வரலாற்றில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. அவர்கள் அனைவரையும் கைஸ் என்ற ஒரே மூதாதையின் வழிவந்தவராக்கும் குலமுறைக்கிளத்து, முகலாயப் பேரரசன் சகாங்கீரின் காலத்தில், அரசவைப் பெருமகன் கான் சகான் லோதியின் ஆதரவில் நியாமத்துல்லா தொகுத்த பாரசீக நூலில்தான் முழுவடிவம் பெற்றது. மலையகத்துக் குடிகளின் வேரைப் பேரரசின் அவை எழுதிற்று. தாயகத்தைவிட்டு வெளியே உயர்ந்தவர்களுக்கே தொடக்கத்திலிருந்து எண்ணப்பட்ட வரலாறு தேவைப்படுகிறது போலும். நகரத்தார் கதையையும் அக்கோணத்தில் வாசிக்க இடமுண்டு.

‘நகரத்தார்’ என்ற சொல்

தோற்றம் பற்றிய எழுத்துகளில் மிகுதியும் காணப்படும் வழு ஒரு சொல்லைச் சார்ந்தது. சோழ, பாண்டியக் கல்வெட்டுகளில் ‘நகரத்தார்’ என வருமிடமெல்லாம் இன்றைய நகரத்தார் சமூகத்தையே குறிப்பதாகக் கொள்ளும் போக்கு அது. பிராமணர் ஊருக்குச் சபையும் வேளாண் ஊருக்கு ஊராரும் அமைந்தாற்போல வணிகர் குடியிருப்புக்கு அமைந்த அவை நகரம் எனப்பட்டது. அதன் உறுப்பினர் நகரத்தார். கென்னத் ஹால் 1980இல் வெளியிட்ட சோழர்கால வணிகமும் அரசும் பற்றிய நூல் இந்நிறுவனத்தை விரிவாக ஆராய்ந்துள்ளது. அதன்படி நகரத்தார் என்பது ஒரு அவைப்பெயர், சாதிப்பெயரன்று. காஞ்சியிலும் தஞ்சையிலும் கொங்குநாட்டிலும் காணப்படும் நகரத்தார் அனைவரும் ஒரே குருதிவழியினர் ஆகார். ‘ஊரார்’ என்று கல்வெட்டில் கண்டவுடன் அதை ஒரு சாதியாக எவரும் கொள்வதில்லை. ‘நகரத்தார்’ என்பதற்கு மட்டும் அவ்விலக்கு ஏன் அளிக்கப்படுகிறது என்று கேட்கவேண்டும்.

இதன் விளைவு சிறிதன்று. இளநிலை ஆய்வாளர் ஒருவர் கல்வெட்டுத் தொகுதியின் சொல்லடைவில் ‘நகரத்தார்’ என்ற தலைப்பின்கீழ் வருவன அனைத்தையும் ஒரு சமூகத்தின் கொடைகளாக எண்ணிக் கூட்டினால், பல வணிகக்குழுக்களின் வரலாறு ஒரே குழுவின் பெயரில் வரவுவைக்கப்படும். பெயர் மாறிய, நலிந்த, பிற சாதிகளில் கரைந்த வணிகர்கள் அவ்வளவில் மறைந்துபோவர்.

கோயிற்பிரிவுகள்: பெயர்களின் சான்று

இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது கோயில்களும் காரைக்குடி, திருப்பத்தூர் ஆகியவற்றைச் சூழ்ந்த சிறிய நிலப்பரப்புக்குள் அடங்குவன. ஒவ்வொரு நகரத்தார் குடும்பமும் இவற்றுள் ஒன்றைச் சேர்ந்தது. ஒரே கோயிலைச் சேர்ந்தோர் பங்காளிகள். இரணியூரும் பிள்ளையார்பட்டியும் உடன்பிறப்புக் கோயில்களாகக் கருதப்படுவதால் அவ்விரண்டிடையே மணவுறவு இல்லை. மணமான பெண் கணவனின் கோயிலுக்கு உரியவளாகிறாள். பிள்ளைகூட்டும்போது அதே கோயிலைச் சேர்ந்த பிள்ளையையே கூட்டுகின்றனர்.

கோயில்கள் மேலும் உட்பிரிவுகளாகப் பகுக்கப்படுகின்றன. இளையாத்தங்குடிக் கோயிலில் ஒக்கூருடையார், பட்டணசாமியார், பெருமருதூருடையார், கழனிவாசற்குடியார், கிங்கிணிக்கூருடையார் முதலிய பிரிவுகளும், மாத்தூர்க் கோயிலில் உறையூர், அரும்பாக்கூர், மணலூர், மண்ணூர், கண்ணூர், கருப்பூர், குளத்தூர் என்னும் பிரிவுகளும் உள்ளன. இலுப்பைக்குடியார் சூடாமணிபுரமுடையார் என்றும், சூரக்குடியார் புகழ்வேண்டியபாக்கமுடையார் என்றும், நேமத்தார் இளநலமுடையார் என்றும் அழைக்கப்படுவர்.

இவ்வளவு வளமான பெயர்த்தொகுதியைச் சமூக நூல்கள் பட்டியலாக மட்டும் தருகின்றன. அவை தரும் சான்று கலியாண்டுக்கணக்கைவிடப் பன்மடங்கு உறுதியானது. ஊர்ப்பெயரோடு ‘உடையான்’ என்பதை இணைத்து ஒருவரைக் குறிப்பது சோழ, பிற்காலப் பாண்டியக் கல்வெட்டுகளில் நிலவுரிமையாளரைச் சுட்டும் வழக்கமான பெயரமைப்பு. நொபுரு கராஷிமா, எ. சுப்பராயலு ஆகியோரின் கல்வெட்டாய்வுகள் இதனை நன்கு நிறுவியுள்ளன. ‘ஒக்கூருடையான்’ என்ற பெயரமைப்பு அக்காலத்தின் முத்திரையைத் தாங்கியுள்ளது. அதுபோலப் ‘பட்டணசாமி’ என்பது வணிகநகரத் தலைவர்க்கு இடைக்காலத்தில் வழங்கிய பட்டப்பெயர். கன்னடப் பகுதிக் கல்வெட்டுகளில் அது பெரிதும் பயில்கிறது. ஒரே கோயிலுக்குள் நிலவுடைமைப் பெயரமைப்பும் வணிகத்தலைமைப் பெயரும் அருகருகே நிற்பது, பின்னணி வேறுபட்ட குழுக்கள் ஒரு கோயிலைச் சார்ந்து ஒருங்கிணைந்தன என்ற கருதுகோளுக்கு இடந்தருகிறது. கதை சொல்வது ஒன்று ஒன்பதானதை; பெயர்கள் சொல்வது பல ஒன்றானதை.

திருமணத்தின்போது எழுதப்படும் இசைகுடிமானத்தில் இடம்பெறும் முகவரித்தொடரும் இவ்வகையில் கருதத்தக்கது. கேரளசிங்க வளநாடு என்றும், இளையாற்றங்குடியான குலசேகரபுரம் என்றும் அதில் வரும் பெயர்கள் பாண்டியர் ஆட்சிப்பிரிவுப் பெயர்மரபைச் சார்ந்தவை. குலசேகரன் என்ற பெயருடைய பாண்டியர் பலர் உளர். அவர்களுள் 1190இல் முடிசூடிய சடையவர்மனும் 1268இல் முடிசூடிய மாறவர்மனும் குறிப்பிடத்தக்கோர். வளநாட்டுப் பெயரும், மன்னன் பெயரால் அமைந்த புரமும், உடையான் என்னும் ஈறும் சேர்ந்து பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளின் பக்கமே கைகாட்டுகின்றன. தோற்றக்கதையின் சௌந்தரபாண்டியனும் ஆண்டைக் கழற்றிவிட்டால் அப்பக்கமே வந்துசேர்கிறான். கதையை எழுதியோர் மறந்ததைத் திருமண ஆவணத்தை எழுதியோர் மறவாது படியெடுத்து வந்துள்ளனர். எழுத்துக்குத் தெரியாமல் சடங்கு காத்த சான்று இது.

பாண்டியர் காலத்துக்கும் வட்டித்தொழிற் பெருக்கத்துக்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளைப் பற்றிச் சமூக நூல்கள் கூறுவது குறைவு. டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நூல் அவ்விடைவெளியில் பழனி அறப்பட்டயங்களைக் கொண்டு நுழைகிறது. பதினேழாம் நூற்றாண்டில் உப்பு வணிகராகப் பழனிக்குச் சென்றோரின் சித்திரம் அதில் கிடைக்கிறது. பூம்புகாரின் பெருங்கடல் வணிகரென்ற சித்திரத்தோடு ஒப்பிட்டால் இது எளியது, அதனாலேயே நம்பத்தக்கது. கோயிற்கொடையையும் கடன்முதலையும் சாதியமைப்பையும் பிரிக்காமல் ஒருங்குவைத்து ஆராய்ந்தமை ரட்னரின் சிறப்பு. பேச்சுமொழி அவருடைய ஆய்வுப்பொருளன்று.

கோயிலும் ஊரும்

கோயிற்பிரிவு ஊரைச் சார்ந்ததன்று என்பதை வெளியிலிருந்து எழுதுவோர் பலமுறை தவறவிடுகின்றனர். கல்லலில் வாழும் நகரத்தார் அனைவரும் ஒரே கோயிலைச் சேர்ந்தவர் ஆகார். இளையாத்தங்குடிக் கோயிலினர் அனைவரும் இளையாத்தங்குடியில் வாழ்வோரும் ஆகார். பங்காளியுறவைக் கோயில் தருகிறது. புள்ளிவரியும் நகரச் சிவன்கோயில் நிருவாகமும் பொதுமுடிவும் ஊரைச் சார்ந்தவை. மணமான தம்பதியர் ஒரு புள்ளி என்ற கணக்கும் ஊரளவில் பொருள்படுவது. ஊர்கள் மேலும் வட்டகைகளாகத் தொகுக்கப்படுகின்றன.

இவ்விரு சார்புகளும் குறுக்குநெடுக்காகச் செல்வதன் மொழியியல் விளைவு எண்ணத்தக்கது. பட்டாணியருள் கர்லாணி என்னும் கிளை, குலமுறைக் கதையில் கண்டெடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளையின் வழியாகச் சொல்லப்படுகிறது. அக்கிளையைச் சேர்ந்த வசீரிகளின் பேச்சும் உயிரொலிமாற்றத்தால் ஏனைய பஷ்தோவினின்று விலகிநிற்கிறது. பொதுவழக்கில் தந்தை ‘ப்லார்’, தாய் ‘மோர்’ எனப்பட, வசீரியில் அவை ‘ப்லோர்’, ‘மேர்’ என்றாகின்றன. அங்கே கிளையும் நிலமும் மொழியும் பெரிதும் ஒன்றன்மேலொன்று பொருந்துகின்றன. நகரத்தாரிடம் அவ்வாறு பொருந்த வழியில்லை. கோயில் விட்டுக் கோயில் மணங்கொள்வதால் ஒரு குழந்தைக்கு முதற்சொல் கற்பிக்கும் தாய் வேறொரு கோயிலில் பிறந்தவளாகவே பெரும்பாலும் இருப்பாள். அவளுக்கும் அவள் தாய்க்கும் இடையிலும் அதே நிலை. ஆகவே ‘மாத்தூர்க் கோயில் பேச்சு’ என ஒன்று உருவாக வாய்ப்பில்லை. வேறுபாடு உண்டெனில் அது ஊரையோ வட்டகையையோ தொழிலையோ சார்ந்தே அமையும். தோற்றம், கிளை, மொழி என்ற படிவம் மூன்றாவது கண்ணியில் அறுந்துபோவது இங்கேதான்.

பேச்சுவழக்கு: எது தனி, எது பொது

நகரத்தார் பேச்சைப் பற்றி எழுதுவோர் முதலில் எடுத்துக்காட்டுவன உறவுமுறைச் சொற்கள். அப்பச்சி (தந்தை), ஆத்தா (தாய்), ஐயா (பாட்டனார்), அப்பத்தா (தந்தையைப் பெற்றவள்), ஆயா (தாயைப் பெற்றவள்), ஆச்சி (தமக்கை), அயித்தான், அம்மான் முதலியன அவை. இவற்றைத் தனித்தனியே நோக்கினால் நகரத்தார்க்கு மட்டும் உரியது என்று உறுதியாகச் சொல்லத்தக்கது மிகச்சிலவே. அப்பத்தா இவ்வட்டாரத்துப் பிற சமூகத்தாரிடமும் கொங்குப்பகுதியிலும் வழங்குவது. ஆத்தா இன்னும் பரந்தது. அப்பச்சி என்பதன் வேறுவடிவமான அப்புச்சி கொங்குநாட்டில் தாயின் தந்தையைக் குறிக்கிறது. ஆச்சி நெல்லையிலும் யாழ்ப்பாணத்திலும் பாட்டியாகிறாள்.

எனவே சொல் அடையாளமன்று. சொற்களின் உறவமைப்பே அடையாளம். அப்பச்சி தந்தையாக, ஆச்சி தமக்கையாக, ஆயா தாய்வழிப் பாட்டியாக ஒரே ஒழுங்கில் நிற்கும் தொகுதியை நெல்லையிலோ கொங்கிலோ காண இயலாது. உறவுமுறைச் சொற்களைச் சாதிவழி எல்லைக்கோடுகளாக வரைய முயன்ற மு. சண்முகம் பிள்ளையின் 1965ஆம் ஆண்டுக் கட்டுரை இத்தகைய ஆய்வுக்கு நல்ல தொடக்கம். பின்வந்த சொற்பட்டியல்கள் பல அதன் முறையை விட்டுவிட்டு, அரிய சொல்லைத் திரட்டுவதில் மட்டும் ஆர்வம் காட்டின. அரிய சொல் படிப்போரை மகிழ்விக்கும், எல்லையை வரைந்துதராது.

ஆச்சி என்ற சொல்லுக்கு இன்னொரு தளமும் உண்டு. வீட்டுக்குள் அது தமக்கை. ஊருக்குள், பிற சமூகத்தார் வாயில், மணமான நகரத்தார் மகளிர்க்குரிய மதிப்புவிளி. செட்டியார் என்பதற்கு இணையான பெண்பாற்சொல் அது. ஒரு சொல் அகத்தே உறவையும் புறத்தே தகுதியையும் குறிக்கும் இவ்விருநிலை, பல சாதியினர் கூடிவாழும் ஊரில்தான் தெளிவாகப் புலப்படும். பள்ளத்தூரில் வளர்ந்த நடிகை மனோரமாவைத் தமிழகம் முழுவதும் ஆச்சி என்றழைத்தது இப்புறநிலையின் நீட்சியே. தமக்கை என்ற அகப்பொருள் அப்பயணத்தில் உடன்செல்லவில்லை.

அடுத்தது வினைமுற்று. ‘வந்தாக’, ‘சொன்னாக’, ‘இருக்காக’ என்னும் மதிப்புப்பன்மை வடிவங்களும் ‘அவுக’, ‘இவுக’ என்னும் இடப்பெயர்களும் நகரத்தார் பேச்சின் சாயலாகத் திரைப்படங்களிலும் நகைச்சுவைத் துணுக்குகளிலும் காட்டப்படுகின்றன. இது பிழை. சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரைப் பகுதிகளில் பல சமூகத்தாரும் இவ்வாறே பேசுகின்றனர். கல்லலில் உழவுத்தொழில் செய்பவரும் ‘அவுக வந்தாக’ என்பார், ஆயிரஞ்சன்னல் வீட்டாரும் அவ்வாறே சொல்வர். வட்டாரத்தின் சொத்தைச் செல்வமும் புகழும் உடைய ஒரு சமூகத்தின் பெயரில் எழுதிவைப்பது, கல்வெட்டு ‘நகரத்தார்’ அனைவரையும் ஒரே குலமாக்கிய அதே வழுவின் மறுவடிவம். அங்கே பிற வணிகர் மறைந்தனர்; இங்கே பிற பேச்சாளர் மறைகின்றனர்.

ஐயத்துக்கு இடமின்றித் தனித்து நிற்பன வாழ்வமைப்போடும் தொழிலோடும் பிணைந்த சொற்களே. மணமான மகனுக்கு ஒரே வீட்டுக்குள் தனியே உலைவைத்துக் கொடுப்பது ‘வேறுவைத்தல்’. மங்கலநாணாகிய ‘கழுத்துரு’வைப் பூட்டுவது ‘திருப்பூட்டுதல்’. அறுபதாம் ஆண்டு நிறைவு ‘சாந்தி’. முன்னோர்க்குப் படைத்து வணங்குவது ‘படைப்பு’. கடல்கடந்து வணிகத்துக்குச் செல்வதைக் ‘கொண்டுவிற்கப் போதல்’ என்பர். பொருளைக் கொண்டுசென்று விற்ற காலம் போய், பணத்தையே கொண்டுசென்று வட்டிக்கு விட்ட காலத்திலும் அத்தொடர் மாறவில்லை. உப்பு வணிகரைக் காட்டும் பழனி ஆவணங்களோடு சேர்த்து நோக்கினால், இத்தொடர் பழந்தொழிலின் எச்சமாகலாம் என்று கருதத் தோன்றுகிறது. தொடர் எக்காலத்தில் தோன்றியது என்பதற்கு ஓலைகளில் சான்று கிடைத்தாலன்றி அதற்குமேல் சொல்வதற்கில்லை.

வட்டிக்கடையின் சொற்றொகுதி இன்னும் செறிவானது. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற பணிப்படிநிலை, பேரேடு, ஐந்தொகை ஆகிய கணக்குகள், நடப்புவட்டி, தவணைவட்டி, மேம்பணம், விலாசம் ஆகிய தொழிற்சொற்கள் யாவும் பிறமொழிச்சார்பு குறைந்த தமிழ். ஆங்கிலேய வங்கிகளோடு நாளும் கொடுக்கல்வாங்கல் செய்த ஒரு தொழில், தன் உள்நடைமுறைக்கு அவர்தம் சொற்களை நாடவில்லை. ரங்கூன் முகல் தெருக் கோயிலில் கூடி நடப்புவட்டியைத் தீர்மானித்தவர்களின் சொற்களே 1929–30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக்குழுவின் அறிக்கையிலும் ஒலிபெயர்ப்பாக இடம்பெற்றன. இவ்வகையில் அகராதி தொகுப்போர் புறக்கணித்துவரும் மூலம் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. சிங்கம்புணரியைச் சேர்ந்து மெடானில் பணியாற்றிய அவர், 1972இல் வெளிவந்த அந்நாவலில் கிழக்காசியத் துறைமுகங்களின் வட்டிக்கடைப் பேச்சை உரையாடலுக்குள் உயிரோடு வைத்துள்ளார். அதனைப் புனைவென்று மட்டும் வாசித்து, மொழிச்சான்றாக வாசிக்கத் தயங்குவது பொருந்தாது.

கடல்கடந்த வாழ்வு வீட்டுக்குள்ளும் சொற்களைக் கொணர்ந்தது. ‘மங்கு’ எனப்படும் பீங்கான் கலம் மலாய் மொழியின் ‘மங்கோக்’ என்பதோடும், கறுப்பரிசிக்குரிய ‘கவுனி’ பர்மியர் பசையரிசியைக் குறிக்கும் ‘கவுக்ஞின்’ என்பதோடும் ஒப்பிடத்தக்கன. இங்கும் அவசரம் கூடாது. மேசையறையைக் குறிக்கும் ‘லாச்சி’ மலாயில் இருப்பது உண்மை. ஆயினும் அது அங்கேயே டச்சு மொழியிலிருந்து சென்றது. இலங்கைத் தமிழிலும் வழங்குகிறது. கொழும்பு வழியாகவா பினாங்கு வழியாகவா அது செட்டிநாட்டுக்கு வந்தது என்பதைச் சொல்வடிவம் மட்டும் காட்டாது. எவ்வூரில் எக்குடும்பம் எந்நாட்டில் கடைவைத்திருந்தது என்பதோடு சேர்த்துச் சொற்பரவலை ஆராய்ந்தால்தான் விடைகிட்டும். நகரத்தார் ஊர்களில் அத்தகைய தரவு வீட்டுக் கணக்கேடுகளிலேயே உள்ளது.

வீட்டின் பகுதிகளைக் குறிக்கும் முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு முதலியவற்றையும் நகரத்தார் சொற்களென்றே நூல்கள் குறிக்கின்றன. வளவைக் கட்டிய கொத்தனாரும், பட்டாலையில் பாய்விரித்தவரும், இரண்டாங்கட்டில் அடுப்பேற்றிய சமையற்காரரும் அச்சொற்களை நாள்தோறும் புழங்கியவர்கள். அவர்களுட் பலர் வேறு சமூகத்தார். பூட்டிக்கிடக்கும் வீடுகளின் உரிமையாளர் சென்னையிலும் வெளிநாட்டிலும் வாழ, திறவுகோலை வைத்திருந்து மாதம் ஒருமுறை கதவுதிறந்து கூட்டுபவர் கல்லலிலும் அண்டையூர்களிலும் இருக்கிறார். சொல்லகராதிக்குத் தகவலாளரைத் தேர்வோர் முதலில் அவரிடம் செல்லவேண்டும்.